முப்பத்திரண்டாம் அத்தியாயம்

விலைமதிப்பில்லாதது என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே வாயாகச் சொன்ன பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் அடக்க விலை அறுநூற்று நாற்பது. பழைய பேரேட்டிலிருந்து கிழித்த வெற்றுத்தாள் முப்பத்தேழு, மைப்புட்டி ஒன்று, கட்டைப் பேனா இரண்டு, தாளுக்கு வயதேற்ற டீத்தூள் கால் கிலோ. என் உழைப்புக்கு விலை போடவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதற்காகவே என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அம்மா என்று சொல்வதற்கு முன்னால் 'கட்டாது' என்று சொல்லக் கற்றவர்கள். இடிக்கப்போகும் வீடுகளின் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பது எங்கள் தொழில். வாங்கும்போது உளுத்த கட்டை, விற்கும்போது உறுதியான தேக்கு. இதை ஏமாற்று என்று நீங்கள் குறித்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் பின்னால் இருக்கும் அந்த பீரோவை உங்கள் அலுவலகத்துக்கு விற்றவன் உங்களை எவ்வளவு ஏமாற்றியிருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு டாக்டரின் பழைய வீட்டை இடித்தபோது, அலமாரிக்குள் ஒரு பத்திரிகைக் கட்டு கிடைத்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய தொடர்கதை, முப்பத்தொரு அத்தியாயம். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு மாளிகை, அங்கே மணமாகி வரும் பெண், சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டிய ஒரு படம், மாடியில் யாரும் திறக்கக்கூடாத அறை. முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் அவள் அந்த அறைக்குள் போகிறாள். வெளியே சாவி திரும்பும் சத்தம் கேட்கிறது. அதோடு சரி. எழுதியவர் அதற்குமேல் எழுதவில்லை. திறக்கிற சாவியா, பூட்டுகிற சாவியா என்று யாருக்கும் தெரியாது.

இந்தக் கதைக்காக இணையத்தில் ஒரு வாசகர் வட்டம் இருப்பதைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தேன். முதல் நாளே, 'முழுக் கட்டு இருக்கு, எவ்வளவு போகும்?' என்று கேட்டேன். வட்டத்தை நடத்துபவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மெழுகுவர்த்தி என்பது அவருடைய புனைபெயர். அவர் பதில் போட்டார்:

"இங்க விலை கேட்டு வர்றவங்க ரெண்டே நாள்ல போயிடுவாங்க. நீங்க படிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

கோபத்தில்தான் படித்தேன். அதன்பிறகு ஒரு வாரம் கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. என் மனைவி சிரித்தாள். "ஏங்க, கதவு விக்கிறவரே கதவப் பாத்து பயந்தா, நாளைக்குக் கடைய யாரு திறக்கறது?"

வட்டத்தில் இரண்டு கட்சி. கதவு திறந்தது என்பவர்கள், பூட்டியது என்பவர்கள். கல்யாணமான தம்பதிகூட ஆளுக்கொரு கட்சியில் இருந்தார்கள். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அந்தக் காலத்துக் கதவில் என்ன பூட்டு இருந்திருக்கும், சாவி எத்தனை சுற்று திரும்பும் என்று விளக்கி எழுதினேன். எல்லோரும் என்னை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீங்கள் சின்ன வயதிலிருந்து ஐயா என்று அழைக்கப்பட்டிருப்பீர்கள், அதனால் உங்களுக்குப் புரியாது. ஐம்பது வருஷத்தில் என்னிடம் எவரும் விலையைக் குறைக்கச் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

என் கிடங்கின் மாடியில் ஓர் அறையை அந்தக் கதையில் வருகிற மாதிரியே அமைத்துக் கொடுத்தேன். நாலு விரற்கடை கனமுள்ள தேக்குக் கதவு, ஆணியடித்த ஜன்னல், ஒரு கட்டில், மண்ஜாடி, மறைப்புக்குப் பின்னால் வாளி. பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலை. உள்ளே இருப்பவர் கத்தினால் அந்த இயந்திரத்துக்கு மட்டும்தான் போட்டி. வட்டத்தார் ஊரூராக வந்து அங்கே இருந்தார்கள். அதற்கு 'அறையிருப்பு' என்று பெயர். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் மறுநாளோ அதற்கு மறுநாளோ காலை ஒன்பதுக்கு வெளியே. போனைச் சாவிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். சாவிக்காரர் வெளியே பூட்டுவார். தினம் காலையில் வந்து மூன்று தட்டு தட்டுவார், உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்ட வேண்டும். பேசக்கூடாது. இருப்பில் இருப்பவரை வேறு யாரும் கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டால் இருப்பு கலைந்துவிடும், முதலிலிருந்து இருக்க வேண்டும். இந்த விதிகளை நான் போடவில்லை. மெழுகுவர்த்தி போட்டார். சாவிக்காரர் மட்டும் நான்.

மூன்றாம் வருஷம் வட்டம் ஓய ஆரம்பித்தது. சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. கூட்டம் எப்போது கலையும் என்பது கடைக்காரனுக்கு முதலில் தெரிந்துவிடும். அதனால்தான் முப்பத்திரண்டாம் அத்தியாயத்தை எழுதினேன். இரண்டு மாதம் பிடித்தது. அதே டாக்டர் வீட்டு மேசையின் கள்ள அறையில் கையெழுத்துப் பிரதி கிடைத்ததாகச் சொன்னேன். கதவு திறக்கிறது. அவள் வெளியே வந்து, சதுப்பைப் படகில் கடந்து போகிறாள். 'பூட்டியது' கட்சிக்காரர்களே அழுதார்கள். மெழுகுவர்த்தி தன் கடையில் பாதியை எழுதித் தருவதாகச் சொன்னார். நான், "விலைக்கு இல்லை" என்றேன். எங்கள் பரம்பரையில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் நான்தான். ஒரு காசு வாங்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்திரண்டு அத்தியாயத்தையும் புத்தகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. முன்னுரையில் என் பெயர். பிழை பார்க்கும் வேலையைப் புரூஃப் அக்காவிடம் கொடுத்தார்கள். வட்டத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அறுபத்திரண்டு வயது, அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். தங்கையோடு வேறு ஊரில் இருந்தார். நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுபவர். அறைக்குள் உட்கார்ந்து முழுக் கதையையும் படித்தால்தான் பிழை தெரியும் என்று அவரே கேட்டு வந்தார். சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு உள்ளே போனார். திங்கள் ஒன்பதுக்கு வெளியே. இரண்டு நாளுக்குத் தண்ணீர், ரொட்டி, மாத்திரை, அச்சுக்குப் போகிற தாள்கள், ஒரு பென்சில். நான்தான் பூட்டினேன். அதுவரை என் மனதில் ஒன்றுமில்லை. இது சத்தியம்.

ஞாயிறு காலை மூன்று தட்டு தட்டினேன். ஒரு தட்டு வரவில்லை. குரல் வந்தது.

"தம்பி, இத எழுதினது நீங்கதானே?"

நான் பேசவில்லை. விதி அப்படி.

"முப்பத்தொரு அத்தியாயத்துல ஒருத்தர்கூட எதுக்கும் விலை கேக்கல. கடைசில அவ உயிர் தப்பி ஓடி வர்றா, படகுக்காரன் ரெண்டு காசு கேக்கறான், அவ ஒண்ணுதான் தருவேங்கறா." அவர் சிரித்தார். "அது அவ இல்ல தம்பி. அது நீங்க."

அந்த இடத்தை எழுதும்போது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இயல்பாக வந்தது என்று நினைத்தேன். இயல்பாக வந்ததுதான் தப்பு.

திங்கள் ஒன்பது மணிக்குச் சாவியோடு போனேன். திறக்கத்தான் போனேன்.

"மணி ஆயிடுச்சு, திறங்க தம்பி."

"நேத்து சொன்னதப் பத்திப் பேசிட்டுத் திறக்கலாம்க்கா."

"என்ன, பேரமா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். அசல்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. முன்னுரைல என் பேருக்கு மேல உங்க பேரு."

"எம்பேர நான் அடுத்தவங்க புஸ்தகத்துல தேடினதில்ல."

"சரி, அசல்னு சொல்ல வேணாம். போலின்னு சொல்லாம இருங்க, போதும்."

"முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவங்க தப்ப எடுத்திருக்கேன். தெரிஞ்சே ஒண்ண விட்டதில்ல. ஏன் தம்பி, எழுத்து நல்லாத்தானே இருக்கு? உங்க பேர்லயே போடுங்க. அந்தப் படகுக்காரன் இடத்தக்கூட நான் தொட மாட்டேன். மத்தத நானே திருத்தித் தரேன்."

என் பேரில் போட்டால் யார் படிப்பார்கள்? கதவுக் கடைக்காரன் எழுதிய கதை. அவர் கொடுக்க வந்தது செல்லாத காசு என்று எனக்குப் பட்டது. பேரம் படியாதபோது எழுந்து நடப்பதுதான் எங்கள் வழக்கம். நாலடி நடந்தால் கூப்பிடுவார்கள். நான் படியிறங்கும் வரைக்கும் அவர் கூப்பிடவில்லை. அவ்வளவு பிடிவாதம். ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்திருந்தால் இன்று நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இதை உங்களிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன்.

கீழே வந்து வட்டத்தில் போட்டேன்: 'புரூஃப் அக்கா இன்னும் இரண்டு நாள் கேட்டிருக்கிறார். இதுவரை யாரும் நான்கு நாள் இருந்ததில்லை.'

அரைமணியில் இருநூற்று எழுபது இதயங்கள். 'எங்கக்கா ராணி' என்று ஒருவர். 'அவங்க வெளிய வரும்போது நான் ரயில் ஸ்டேஷன்லயே மாலையோட நிப்பேன்' என்று இன்னொருவர். வட்டத்தில் இருந்த அவருடைய தங்கை மட்டும் வேறு மாதிரி எழுதினாள்:

"அக்கா ரெண்டு நாளைக்குத்தான் மாத்திரை எடுத்துட்டுப் போனா. யாராவது போய்ப் பாக்க முடியுமா?"

மாத்திரை விற்றே வீடு கட்டிய மெழுகுவர்த்தி பதில் போட்டார். "பயப்படாதீங்கம்மா. இப்ப கூப்பிட்டா அவங்க இருந்ததெல்லாம் வீணாயிடும். சாவிக்காரர் தினம் பாக்கறாரு." அதன்கீழே நாற்பது பேர் ஆமாம் போட்டார்கள். இன்று உங்களிடம் வந்து என்னை அரக்கன் என்று எழுதிக் கொடுத்தவர்களில் பதினோரு பேர் அந்த நாற்பதில் உண்டு. அவர்களை எந்த நாற்காலியில் உட்கார வைக்கப்போகிறீர்கள்?

வீட்டில் மனைவி கேட்டாள். "அந்தம்மா இன்னிக்கு இறங்கணும்ல?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கறாங்களாம்."

"சாப்பாடு குடுத்து விடட்டுமா?"

"விதிப்படி கூடாது."

"நல்லா வந்து சேந்தீங்கய்யா எல்லாரும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செவ்வாய் காலை மூன்று தட்டு. குரல் கதவின் பாதி உயரத்திலிருந்து வந்தது. உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. தண்ணீர் கேட்டார். மாத்திரை தீர்ந்துவிட்டது, நெஞ்சு படபடக்கிறது என்றார். நான் விலையை இறக்கினேன். புத்தகம் அச்சாகும் வரைக்கும் பேசாமலிருந்தால் போதும் என்றேன். அதைவிட இறங்க முடியாது.

"வெளிய வந்து யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

சரக்கைக் கையில் வாங்கிக்கொண்டு யோசிக்கிறேன் என்பவரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இறங்கி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை தட்டினேன், பதில் தட்டு இல்லை. வெள்ளிக்கிழமை தங்கை உங்கள் ஆட்களோடு வந்தாள். சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமையை விட்டுவிட்டேன் என்கிறீர்கள். ஆமாம். என் சட்டைப்பையிலிருந்து நீங்கள் எடுத்த தாள் மேசைமேல் இருக்கும்போது விட்டது அசட்டுத்தனம்தான்.

புதன்கிழமை குரல் தரையோடு வந்தது. நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "சரி தம்பி. நீங்க சொன்னபடியே." கதவடியில் ஒரு தாள் ஊர்ந்து வந்தது. திருத்தும் தாளின் பின்பக்கம், பென்சிலில்: 'முப்பத்திரண்டாம் அத்தியாயம் அசல்.' கீழே கையெழுத்து. அச்சகப் பழக்கம், தேதியும் நேரமும்கூட. புதன், ஒன்பது இருபது. உயிர் போனதாக உங்கள் டாக்டர் சொல்கிற நேரத்துக்கு அதிலிருந்து இன்னும் அரை நாளுக்குமேல் இருக்கிறது.

மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சாவி வலது கையில்தான் இருந்தது. பூட்டுக்குள்கூட நுழைத்தேன். அப்போது ஒன்று தோன்றியது. வெளியே வந்தால் அவர் இந்தக் கையெழுத்தை மறுப்பார். வராவிட்டால் இந்தக் கையெழுத்தை மறுக்க ஆளே கிடையாது. எந்த வியாபாரியும் செய்கிற கணக்குத்தான். சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். வட்டத்தில் போட்டேன்: 'அக்கா ஐந்தாம் நாளும் இருக்கப் போகிறார்.'

முந்நூற்றுப் பதினெட்டு இதயங்கள்.

வருந்துகிறேனா என்று கேட்டீர்கள். அந்த அத்தியாயத்தை இப்போதும் படித்துப் பாருங்கள், நன்றாக இருக்கிறது. அவரே சொன்னார். வருத்தம் என்று எதையாவது எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொடுக்கல் வாங்கலை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குப் பிழை வராது.

அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் என்னிடம் கேட்டவை: தண்ணீர் மூன்று முறை, மாத்திரை இரண்டு முறை, தங்கைக்கு ஒரு போன், கதவைத் திறக்கச் சொல்லி ஏழு முறை. ஆகப் பதிமூன்று. கொடுத்தது ஒன்றுமில்லை.

நான் அவரிடம் கேட்டது ஒன்று. அது உங்கள் மேசைமேல் இருக்கிறது, கையெழுத்தோடு.