மதியம் இரண்டு முதல் ஐந்து வரை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் பெயர்ப் பட்டியலை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டீர்கள், வாத்தியாரே. நினைவுக் கல்லில் ஏறிவிட்டால் திருத்த முடியாது, ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் தெரிய வேண்டும், பிழை இருக்கக் கூடாது என்றீர்கள். சான் தெல்மோ போன்ற ஒரு ஊர் தன்னுடைய இறந்தவர்களின் பெயர்களை ஒரு அமெரிக்கக்காரியின் கையால் எழுதச் சொல்வது சின்ன விஷயமல்ல. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் பதினோரு பெயர் சொன்னீர்கள். நான் பன்னிரண்டு எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவது இலாரியோ, கோயிலில் மணியடித்தவர். மணிக்கோபுரச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டே ஊரை எச்சரிக்காமல் தன் மகளைத் தூக்க ஓடியவன் பெயர் கல்லில் வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கையும் தூக்கினேன். இருந்தாலும் பிழை இருக்கக் கூடாது என்று சொன்னீர்கள் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் ரஸலும் நானும் இங்கே வந்தபோது மற்ற அமெரிக்கர்கள் ஏரியைப் பார்த்த மேட்டில், சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள வீடுகளில் இருந்தார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். நாங்கள் அங்கே வீடு தேடவில்லை. கோயில் முற்றத்தை ஒட்டிய, சுவர் உப்புப் பூத்த இந்த வீட்டைத்தான் எடுத்தோம். நான் சந்தையில் நின்று நின்றே மொழி கற்றுக்கொண்டேன். தக்காளிக்காரி என்னைத் திருத்துவாள், நான் மறுபடி சொல்வேன், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். மூன்றாம் வருடம் யாரும் சிரிக்கவில்லை. அதேல் என்ற என் பெயர், மரியாதையும் சேர்ந்து, தோன்யா அதேலா ஆயிற்று.

இலாரியோவின் மனைவி சாயோ எனக்குச் சமையலில் உதவ வந்தாள். அவர்களுக்கு நயேலி பிறந்தபோது என்னை ஞானத்தாயாக இருக்கச் சொன்னார்கள். நான் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவள், அதற்குப் பிறகு கோயில் பக்கம் போனதில்லை என்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

மேட்டில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியாது. குழந்தையைத் தூக்கிப் பிடித்தவளும் பெற்றவர்களும் அன்றிலிருந்து ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் கொமாத்ரே, அவன் கொம்பாத்ரே. உடன்பிறந்தவர்களுக்குள் சண்டை வரலாம், இவர்களுக்குள் வரக் கூடாது. கொமாத்ரே ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்லக் கூடாது. எனக்கு இது தெரியும்.

ரஸலுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த வருடத்தில்தான் மேட்டுக்காரர்கள் மணிச் சத்தத்துக்கும் வாணங்களுக்கும் எதிராக மனு எழுதினார்கள். நாற்பத்து மூன்று கையெழுத்துகள். நான் போடவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும். மனு நகராட்சிக்குப் போன வாரம், ஊர் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் கூடுதலாக மணியடித்தது.

"அங்க மேட்டுல இருக்கறவங்களுக்கு மணி பிடிக்கலையாம் கொமாத்ரே," என்றாள் சாயோ, பீன்ஸ் பொறுக்கிக்கொண்டே. "அவங்க ஊர்ல யாரும் சாகறதே இல்லையா? யாருக்கும் கல்யாணமே ஆகறதில்லையா?"

"ஆகும். சத்தமில்லாமல் ஆகும்," என்றேன்.

"பாவம்," என்றாள், உண்மையாகவே.

மருத்துவர் ரஸல் மதியத்தில் மூன்று மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார். சரியாக இரண்டு மணிக்குப் படுப்பார். கண்ணாடி, கைக்கடிகாரம், எல்லாவற்றையும் கட்டிலருகே நீல விளிம்பு போட்ட ஒரு பீங்கான் தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார். சாயோ அவரிடம் பேசும்போது கத்துவாள். அது அவள் சுபாவம். இரண்டு மணிக்கு மேல் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

மணியை அனுப்ப முடியவில்லை. இந்த ஊரில் மணி சாமியாருக்குச் சொந்தமல்ல. சாவுக்கு அடிப்பார்கள், தண்ணீர் லாரி வந்தால் அடிப்பார்கள், மாடு காணாமல் போனால் அடிப்பார்கள். திருவிழாக் காலத்தில் மீனவர் சங்கம் ஒரு நாள், தச்சர்கள் ஒரு நாள், யார் வேண்டுமானாலும் ஏறிக் கயிற்றைப் பிடிக்கலாம். எங்கள் படுக்கையறைச் சுவருக்கும் மணிக்கோபுரத்துக்கும் இடையில் ஒரு எலுமிச்சை மரம்தான் இருந்தது.

ஒரு நாள் இலாரியோவை உட்காரவைத்துக் காபி கொடுத்துக் கேட்டேன்.

"கொம்பாத்ரே, ஒரு உதவி."

"சொல்லுங்க கொமாத்ரே."

"மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மணி வேண்டாம். அவருக்காக."

அவர் தொப்பியை முழங்காலில் வைத்து மெதுவாகச் சுற்றினார். "நான் அடிக்காம இருந்துடுவேன். ஆனா மத்தவன் எவனாவது ஏறிடுவானே."

"கோபுரக் கதவுக்குப் பூட்டுப் போடலாம்."

"போடலாம். ஆனா சாவி என்கிட்ட இருந்தா, கேக்கறவனுக்கெல்லாம் குடுத்துடுவேன். முடியாதுங்கற வார்த்தை எனக்கு வாயில வராது. இந்த ஊர்ல எவனுக்குமே வராது. உங்க ஆளுங்களுக்குத்தான் அது சுலபமா வரும்." சிரித்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. "சாவி உங்ககிட்ட இருக்கட்டும். உங்க கதவை எவனும் தட்ட மாட்டான்."

எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "பாம்பு எறங்கினா?"

"வந்து தட்டுங்க, குடுக்கறேன்," என்றேன்.

மழைக் காலத்தில் மலை உச்சியில் மேகம் ஒரே இடத்தில் உடைந்து, ஓடை வழியாகக் கல்லும் மரமுமாகத் தண்ணீர் இறங்கும். அதைத்தான் பாம்பு என்பார்கள். உங்களுக்குத் தெரியும். ஓடைக்கரையில் வீடு உள்ளவர்களுக்கு முதலில் கற்கள் உருளும் சத்தம் கேட்கும். உடனே ஒருவர் ஓடிவந்து மணியை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். மேல்தெருக்காரர்கள் அடுப்பைக்கூட அணைக்காமல் கோயில் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு குவளை காபி ஆறுகிற நேரம் கிடைக்கும். முதல் வருடங்களில் நானே இரண்டு தடவை ஓடியிருக்கிறேன். முதல் தடவை தண்ணீர் வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை. எல்லோரும் முற்றத்தில் நின்று ஒருவர் செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கலைந்தோம்.

பூட்டு நான் வாங்கியது. நல்ல பூட்டு. தினமும் இரண்டு மணிக்கு இலாரியோ பூட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுவருவார், ஐந்து மணிக்கு வந்து வாங்கிப் போவார். இரண்டு வருடம் அப்படி நடந்தது.

"என் புருஷன் தெனம் ரெண்டு தடவை உங்க வாசல்ல நிக்கறதப் பாத்துத் தெருவே பேசுது கொமாத்ரே," என்றாள் சாயோ. "அவ வயசென்ன, இவன் வயசென்னன்னு."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கும் ரெண்டு வேளை நிம்மதின்னு சொன்னேன்."

மேட்டுக்காரர்கள் என்னை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். நாற்பத்து மூன்று கையெழுத்தால் நடக்காததை எப்படி நடத்தினாய் என்று ஒருவர் கேட்டார். "கேட்டேன்," என்றேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது மூன்று மணி. ஊர் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி என்னுடையது என்று தோன்றியது.

ஆகஸ்ட் மாதம், ஒரு புதன்கிழமை. கீழே நல்ல வெயில். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குக் கதவு தட்டப்பட்டது.

"கொமாத்ரே! சாவி! பாம்பு எறங்குது, கல்லு உருளுது!"

சாவி என் மேலங்கிப் பையில் இருந்தது. நான் நடைவழியில் நின்றுகொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றினேன். தரை ஓடுகளில் அது சத்தம் போடும்.

"உள்ளதான் இருக்கீங்க. கதவுக்கடியில நிழல் தெரியுது, கொமாத்ரே."

நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

"அடிச்சுட்டு உடனே திருப்பிக் குடுத்துடறேன். சத்தியமா."

அவர் கதவை உதைக்கவில்லை. கொமாத்ரேயின் கதவை உதைக்க மாட்டார்கள். சற்று நேரத்தில் கோபுரத்தடியில் பூட்டைக் கல்லால் அடிக்கும் சத்தம் கேட்டது. எண்ணினேன், பதினாறு அடி. பிறகு அதுவும் நின்றது. அவர் மேல்தெரு பக்கம் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது.

நான் நினைத்தது இதுதான். வெயில் அடிக்கிறது. போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள். இன்றைக்கு ஒரு நாள் திறந்தால் நாளைக்கு மாட்டுக்காகத் திறக்க வேண்டியிருக்கும். பிறகு பூட்டுக்கு அர்த்தமில்லை. இதில் எந்த இடத்தில் நியாயம் பிசகுகிறது என்று இந்த ஒன்பது வருடமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருக்கிறது.

நான்கு மணிக்குத் தண்ணீர் வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் தம்பி வீடும் மேல்தெருவில்தான் இருந்தது.

சாயோ கீழே சந்தையில் இருந்ததால் பிழைத்தாள். இலாரியோவையும் நயேலியையும் ஏரிக்கரை நாணலில் கண்டெடுத்தார்கள். அவள் பள்ளிச் சீருடையின் இடுப்புப் பட்டையை அவர் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். நயேலிக்கு ஒன்பது வயது. எனக்குப் பிள்ளைகள் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். உடம்பைக் கழுவப் பெண்கள் போனார்கள். நானும் போனேன், அது என் கடமை. நயேலியின் தலைமுடியிலிருந்து மணலை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்துவிட்டு, பக்கத்தில் இலாரியோவின் ஈரக் கால்சட்டைப் பையில் சாவியை வைத்தேன். அது அவருடைய சாவி. ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் ஏற்பாடு. அன்று கொஞ்சம் தாமதமாயிற்று.

அவருடைய அண்ணன்தான் சாவியைக் கண்டெடுத்தார். என்னிடம் கேட்டார்கள். அன்று அவர் சாவியைக் கொண்டுவரவே இல்லை என்று சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவர் கோயில் பக்கமிருந்து மேலே ஓடியதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மீதியை ஊர் தானே சொல்லிக்கொண்டது. தோன்யா அதேலா பொய் சொல்வாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேட்டில் இருந்து யாராவது சொல்லியிருந்தால் தோன்றியிருக்கும்.

சாயோ இன்றும் வியாழக்கிழமைகளில் சோளக் கஞ்சி கொண்டுவருகிறாள். போன வருடம் ரஸல் இறந்தபோது அவரைக் கழுவியது அவள்தான். சந்தையில் சில பெண்கள் இன்னும் அவளிடம் பேசுவதில்லை. கமிட்டி கூடுவதற்கு முந்தின வாரம், கஞ்சிக் குவளையைக் கையில் கொடுத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொன்னா கேப்பாங்க கொமாத்ரே. அவர் பேரையும் சேக்கச் சொல்லுங்க. பன்னெண்டு வருஷம் அந்த மனுஷனோட இருந்தேன். நாய் வந்து கேட்டாக்கூடத் தட்டைத் தள்ளி வைக்கற ஆளு. சாவிய வெச்சுக்கிட்டு அடிக்காம ஓடியிருப்பாரா? எங்கேயோ ஒண்ணு இடிக்குது. எனக்குத்தான் அது என்னன்னு தெரியல."

"சொல்லிப் பார்க்கிறேன்," என்றேன். பிறகு கூட்டத்தில் என்ன செய்தேன் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

நேற்று மதியம் பட்டியலை எழுத உட்கார்ந்தேன். நயேலியின் முழுப் பெயரை எழுதும்போது அதில் அப்பாவின் குடும்பப் பெயரும் வந்தது. நீங்கள் வேண்டாம் என்றாலும் அவர் பெயரில் பாதி கல்லில் ஏறத்தான் போகிறது. மீதிப் பாதியை விட்டால் பிழை. எனக்குப் பிழை பிடிக்காது. பட்டியலோடு இந்தத் தாள்களையும் சேர்த்து உங்களுக்கு அனுப்புகிறேன். சாயோவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வியாழக்கிழமைக்கு முன்பாக இருந்தால் நல்லது.

ஏன் என்று கேட்பீர்கள். ரஸலின் தூக்கத்துக்காக. வேறு காரணம் கிடையாது. கதவைத் தட்டிய சத்தத்துக்கு அவர் அசையவில்லை. அதற்குப் பிறகு வந்த சத்தத்துக்கும் அசையவில்லை. ஐந்து மணிக்கு நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன். நன்றாகத் தூங்கியிருந்தார், முகம் தெளிந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து, வழக்கம்போலப் பீங்கான் தட்டைத் துழாவி, முதலில் கண்ணாடியை மாட்டினார். கடிகாரத்தைக் கட்டினார். பிறகு காது கேட்கும் கருவிகள் இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றாகக் காதில் பொருத்திக்கொண்டு, தெருவில் ஏன் இத்தனை பேர் அழுகிறார்கள் என்று கேட்டார்.