ஒரு கை ஜாக்கெட்

தூத்துக்குடியில் கல்யாணம் முடிந்து ஏரல் பஸ்ஸில் திரும்பிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் இருந்தார்கள். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏளா, என் கொழுந்தன் பொண்டாட்டி ஜாக்கெட்டுக்கு ஒரு கைதான் இருந்துச்சு, பாத்தியா?"

"பாத்தேன்க்கா. இப்ப ஃபேஷன் ஷோவுல எல்லாம் அப்படித்தான் போட்டுட்டு நடந்து வாராளுவ."

"என்ன ஃபேஷன். துணி பத்தலன்னு டெய்லர் ஒரு கைய விட்டுட்டான். நேத்து வரைக்கும் அழுதுட்டுக் கெடந்தா. இன்னைக்கு மண்டபமே அவகூட நின்னு செல்ஃபி எடுக்கு. என்னைய ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சேலைதானக்கா எடுத்தாவ. அவளுக்கு மட்டும் எப்படித் துணி பத்தாமப் போச்சு?"

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு முழங்கை வரைக்கும் கை வேணும்னு நான்தான் அவ துணியில வெட்டச் சொன்னேன்."