நிற்கத் தாங்கும் தளம், ஆடத் தாங்குமா?

அவைக்குத் தலைமை ஏற்று, அடியேனின் பிழையையும் பொறுத்து அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் ஆவலுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, வெயிலில் வெந்து இந்தச் சுவர்களை எழுப்பிய கொத்தனார்களே, சித்தாள்களே, சற்று நேரத்தில் ஆடவிருக்கும் அறுபது சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கட்டடத்தை வரைந்தவனின் நடுக்கம் கலந்த வணக்கம்.

நடுக்கம் என்றதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முழுக் கதையையும் கேட்டால் உங்களுக்கும் கொஞ்சம் நடுங்கும்.

நம் ஊர் வட்ட ஆட்டம் எப்படிப்பட்டது? கையால் ஆடுவதா? கண்ணால் ஆடுவதா? குதிகாலால் ஆடுவது. அறுபது பேரின் குதிகாலும் ஒரே நொடியில் தரையில் இறங்கினால்தான் அது ஆட்டம். ஆட்டக்குழுவின் தலைவி என் சொந்த அக்கா. அந்த ஓசையைக் கேட்டே வளர்ந்த நான், ஆடுகளத்தை எங்கே வரைந்தேன் தெரியுமா? மேல்தளத்தில். கீழே வண்டிகள் நிற்கட்டும், மேலே கலை நிற்கட்டும் என்று கர்வத்தோடு வரைந்தேன்.

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒத்திகைக்குப் பன்னிரண்டு பெண்கள் மேலே ஏறினார்கள். மூன்றாவது சுற்றில் சன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. கீழே நின்ற கொத்தனார் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். தலை முழுக்கச் சுண்ணாம்புத் தூள்.

"சார், அவங்க மட்டும் ஆடல. கட்டடமும் சேந்து ஆடுது."

பொறியாளர் கணக்குத் தாளைப் பிரித்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு சார். இருநூறு பேர் நின்னாலும் தாங்கும்."

நின்றால் தாங்கும். ஐயா, நிற்பதற்கா மன்றம் கட்டினோம்? ஆடுவதற்கல்லவா கட்டினோம்? அந்தக் கேள்வியை அவரிடம் நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிழை என்னுடையது.

தலைவர் அவர்கள் அப்போது சொன்னதைச் சொல்ல அவரே அனுமதி தந்திருக்கிறார். "அழைப்பிதழ் அடிச்சாச்சு தம்பி. கொஞ்சம் மெதுவா ஆடச் சொல்லுங்களேன்."

மெதுவாகவும் ஆடிப் பார்த்தார்கள். அரைச் சுற்றிலேயே அக்கா நின்றுவிட்டாள். "இது ஆட்டம் இல்லடா. தூங்கற குழந்தைய எழுப்பாம தாண்டிப் போற நடை." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீதானே கட்டின, நீ சொல்லு. அறுபது பேரும் மிதிச்சா தாங்குமா?"

தாங்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு சொல்லில் தொங்கியது. அந்தப் பன்னிரண்டு பேரில் என் அண்ணன் மகளும் இருந்தாள்.

"தெரியலக்கா" என்றேன்.

"தெரியலன்னா எறங்குங்கடி எல்லாரும்" என்றாள் அக்கா. ஒருத்தி கூட முணுமுணுக்கவில்லை. படியில் அவர்கள் இறங்கிய ஒவ்வோர் அடியும் என் நெஞ்சில் விழுந்தது.

அழைப்பிதழைப் பற்றிக் கவலைப்பட்ட தலைவரே கடைசியில் சொன்னார்: "தேதிய மாத்திக்கலாம் தம்பி. ஆள மாத்த முடியுமா?"

இந்தக் கைதட்டல் அவருக்குரியது. நன்றாகத் தட்டுங்கள்.

மேல்தளத்தைப் படிப்பகமாக்கினோம். வண்டிக்கென ஒதுக்கிய கீழ்த்தளத்தில் சிமெண்டை உடைத்து, மண் கொட்டி, இறுக்கி, பலகை பாவினோம். தலைவரின் கார் இன்று எதிர்த்தெருவில் வெயில் காய்கிறது. ஆனால் ஆடுகளத்தின் நடுவே நான்கு தூண்கள். அவற்றை எடுக்க வழியில்லை. தலைகுனிந்து நின்றேன். அக்கா தூண்களைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். "நடுவுல நாலு பேர் நின்னு பாக்கறாங்கன்னு நெனச்சுக்கறோம். வட்டம் சுத்தித்தானே வருது, விடு."

மணல் மூட்டைகளைப் போட்டுப் பார்த்தோம். முப்பது பேரை ஆடவிட்டுப் பார்த்தோம். அறுபது பேர் ஏறுவது இன்றுதான் முதல் முறை. விடிந்ததும் அக்கா கேட்டாள், "பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்குந்தான். வா, இன்னொரு தடவ பாத்துட்டு வந்துரலாம்."

இருவரும் முட்டி போட்டு, ஒவ்வொரு பலகையாக, ஒவ்வோர் ஆணியாகத் தடவிப் பார்த்தோம்.

பெரியோர்களே, கலையைக் காப்போம் என்று கல்லில் செதுக்குவது எளிது; காலடியைக் காப்பதல்லவா கடினம். காலுக்கேற்பக் கட்டடம் மாறலாம்; கட்டடத்துக்கேற்பக் கால் மாறலாமா? மாறினால் மிஞ்சுவது மன்றமா, வெறும் மதிலா? சுவர் நம்முடையது, கூரை நம்முடையது. ஆனால் அளவுகோல் அவர்களுடைய குதிகால். அதை மறந்து வரைகிற எவனும், என்னைப் போலவே, ஒருநாள் அவர்கள் முன்னே "தெரியலக்கா" என்று நிற்க வேண்டிவரும்.

ஓடி வந்து எச்சரித்த கொத்தனாருக்கும், கேட்டுத் தேதியை மாற்றிய தலைவருக்கும், பொறுமையாய் இருந்த உங்களுக்கும் என் நன்றி. தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பலகையை விட்டு இரண்டு அடி தள்ளியே நில்லுங்கள். என் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன்மேல் உங்கள் குதிகாலை இறக்குங்கள், சகோதரிகளே.

வணக்கம்.