உச்சித் தகட்டுக்கு ஒரு முழுப் புடவை

மேடையில் இருக்கும் பாதிரியார் ஐயாவுக்கும், எஞ்சினியர் எழிலரசன் ஐயாவுக்கும், வடக்குப்பட்டிலிருந்து வந்திருக்கும் உறவுகளுக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்கும் சாரம் கட்டுகிற நாகப்பனின் வணக்கம். எனக்குப் படிப்பு இல்லை. மைக்கும் புதிது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வெல்டிங் மேஸ்திரி ஜெபகுமார் காமாலையில் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். அவர் போட்ட கூரைக்கு அடியில்தான் அவருக்காகக் கூடியிருக்கிறோம். அண்ணாந்து பாருங்கள். இந்த மண்டபம் நத்தை ஓடு மாதிரி சுழன்று மேலே போகிறது. ஒரு தகடு மாதிரி இன்னொரு தகடு உண்டா? நாற்பத்தொரு தகடு, நாற்பத்தொரு வடிவம். உச்சியில் தார்ப்பாய் கட்டியிருக்கிறதே, அங்கேதான் கடைசித் தகடு வர வேண்டும்.

அலுமினியம் சாமானியப்பட்டது இல்லை. இரும்பு என்றால் சூடு ஏற ஏறச் சிவக்கும், நமக்குத் தெரிந்துவிடும். இது நிறம் மாறாமலே இருந்து திடீரென்று பொத்துக்கொண்டு விழும். குன்றத்தூர் வெல்டர் ஒருவர், பெயர் வேண்டாம், அதோ சிரிக்கிறார், சிவக்கட்டும் என்று காத்திருந்து முதல் நாளே மூன்று ஓட்டை போட்டார். மேஸ்திரி திட்டினாரா? இல்லை. பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, “ஈரமாட்டம் மினுக்குன்னு வரும் பாரு, அப்ப வெல்டிங் கம்பிய உள்ள குடு” என்றார். அவ்வளவுதான் பாடம்.

எங்கே விட்டேன்? தகடு. வரைபடம் காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் தகட்டைத் தாங்கும் சட்டம் இரண்டு விரல், மூன்று விரல் தள்ளி நிற்கிறது. மேஸ்திரி என்ன செய்தார்? தன் சம்சாரம் சரோஜாவின் பழைய புடவைக்கு மொடமொடவென்று கஞ்சி போட்டு, சட்டத்தின் மேல் விரித்து, ஓரத்தில் கரியால் கோடு இழுத்து வெட்டினார். அந்தத் துணியைத் தகட்டில் வைத்து அறுத்தால் அப்படியே பொருந்தியது. நாங்கள் தகட்டுக்கு எண் சொல்வதில்லை. மாம்பழக் கலர், கட்டம் போட்டது என்றுதான் பெயர். சாப்பாடு கொண்டுவந்த சரோஜா ஒருநாள் மேலே பார்த்து, “எம் பொட்டி காலி. இனி கோயிலுக்கு இன்னாத்த கட்டிக்கினு போறது?” என்று கேட்டது. அவர் சாரத்தில் நின்றபடியே சிரித்தார்.

இனி சொல்லப்போவதை இத்தனை நாள் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆடி மாதம், இருபத்து மூன்றாவது தகடு. காலையில் தூறல் போட்டுக் கஞ்சி இளகியிருந்தது. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. துணியில் ஒரு சுருக்கம் தெரிந்தது. சுருக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது. இழுத்துப் பிடித்துவிட்டேன். அப்படியே கோடு போட்டார். விட்டதும் துணி சுருங்கிவிட்டது. அது எங்களுக்குத் தெரியவில்லை. தகடு நாலு விரல் குறைந்துபோயிற்று.

எஞ்சினியர் ஐயா எல்லோர் முன்னாலும் கோபித்துக்கொண்டார். புடவை அளவெல்லாம் உச்சிக்கு உதவாது, கடைசித் தகட்டை மெட்ராஸ் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ஜெபகுமார் சொன்னது, “எங் கைத் தப்புதான் சார்.” பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை. அன்று முதல் சில பேர் அவரைப் புடவைக்காரன் என்று கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே சொன்னார். “உன்ன சாரத்த வுட்டு எறக்கிட்டா, நான் யார நம்பி மேல ஏறுறதுண்ணே?”

அப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவர் படுக்கையில் கிடந்தபோதுகூட ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

எஞ்சினியர் ஐயா, அந்தத் தகட்டைக் கெடுத்தவன் ஜெபகுமார் இல்லை. நான். சரோஜா, நீயும் கேட்டுக்கொள்ளம்மா. உன் புருஷன் கையில் தப்பே இல்லை.

திங்கட்கிழமை மெட்ராஸ்காரர்கள் வருகிறார்களாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் எங்களுக்குக் கொடுங்கள். என்னைச் சாரத்தை விட்டு இறக்குவதானால் அதற்கு அப்புறம் இறக்குங்கள். உச்சித் தகடு பெரிது, ஒட்டுப் போடாத முழுப் புடவை வேண்டும். காலையில் சரோஜா ஒரு பையை என் கையில் கொடுத்தது. “கல்யாணத்துல கட்டுன வெள்ளப் பொடவண்ணே. இத மட்டும் அவரு கேக்கவே இல்ல. கஞ்சி போட்டுக் காய வச்சிட்டேன்” என்றது.

குன்றத்தூர்க்காரர் பற்ற வைப்பார், அவருக்கு இப்போது அந்த மினுக்கு தெரியும். அளவெடுக்கும்போது வழக்கம்போல ஒரு முனையை நான் பிடிப்பேன். சுருக்கம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், மேஸ்திரி. இந்தத் தடவை நான் இழுக்க மாட்டேன்.