பெயரைத் தன் நாவில் வாங்கிய டாக்டர் அபெனா செர்வா அவர்களுக்கு

எங்கள் குடும்பத்தின் மூத்த மகளே! பிறக்கும்போதே வழியடைத்து வந்த பச்சிளம் வயிறுகளுக்குப் பாதை வகுத்த பெருந்தகையே! கத்தியைக் கருணையாகவும் கண்டிப்பைக் காவலாகவும் ஏந்திய கைகளுக்கு உரியவரே! வணக்கம்.

தங்கள் பணிஓய்வு விருந்தில் வாசிக்கும் மடல் சுருக்கமாக இருக்கட்டும், இனிமையாக இருக்கட்டும், பழையதைக் கிளற வேண்டாம் என்று நிர்வாகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கிளறத்தான் போகிறோம். எங்கள் குழந்தைகள் அறுவைப் பிரிவு ஒரு குடும்பம். வீட்டு மகள்மேல் வீண்பழி சுமத்திவிட்டு அவள் விருந்தில் முதல் வரிசையில் வந்து உட்காருவோரைக் கும்பிட்டு வழியனுப்பும் பழக்கம் மானமுள்ள எந்தக் குடும்பத்துக்கும் கிடையாது. ஆகவே தங்களை வாழ்த்துமுன் இந்தச் சபையிடம் சில வார்த்தைகள் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

சபையோரே! நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு புதன்கிழமைக் காலையில், முந்தின நாள் பிறந்த பெண் குழந்தை ஒன்றை மாம்பொங் ஊரிலிருந்து தூக்கி வந்தார்கள். மலம் கழிக்க வழியில்லை. கீழே ஓர் அடைப்பைக் கண்டால் மேலேயும் இருக்கிறதா என்று தேடாமல் டாக்டர் அபெனா செர்வா கத்தியைத் தொட்டதில்லை. குழந்தையின் வாய்வழியே மெல்லிய குழாயை இறக்கினார். அது வயிற்றுக்குப் போகாமல் பாதியில் முட்டி நின்றது. உணவுக்குழாயும் மூடியிருந்தது. அதன் கீழ்ப்பாதியோ மூச்சுக்குழாயோடு ஒட்டியிருந்தது. இழுத்த மூச்செல்லாம் வயிற்றில் இறங்கி, வெளியேற வழியின்றி உப்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கே அறுக்காவிட்டால் குழந்தை இல்லை.

சம்மதம் சொல்ல வேண்டியவர் குலத்தலைவர் ஓவுசு பாஃபோ. பெரியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'நானா'. அவர் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"எட்டாம் நாள் வரைக்கும் இது எட்டிப் பாத்துட்டுப் போற விருந்தாளி, டாக்டர். தங்குமோ தங்காதோ. பேரில்லாத உசுருமேல கத்தி வைக்க எங்க வம்சத்துல யாரும் தலையாட்ட மாட்டாங்க."

"எட்டு நாள் தாங்காது, நானா. வயித்தப் பாருங்க, மத்தளமா கெடக்கு."

"அப்ப போகட்டும். போறதுக்குன்னே வந்தது."

எட்டு நாளுக்குள் போகும் குழந்தைக்கு அழக்கூடாது என்பதால் தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த அபெனா செர்வாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவரும் அதே அசாந்தி இனத்து மகள். வழக்கத்தை இகழ்ந்தால் பெரியவர் திரும்பிப் போய்விடுவார், அவரோடு குழந்தையும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"சரி நானா. பேர இப்பவே வச்சுடுங்க."

"எட்டாம் நாளுக்கு முன்னாடியா? நாக்குல தண்ணியும் சாராயமும் வைக்காம ஒரு பேரா? வெளயாடுறீங்களா?"

"அது நாக்குல ஒரு சொட்டு பட்டாலும் நுரையீரலுக்குப் போயிடும். எம்பேர அதுக்கு வைங்க. அதுவும் செவ்வாக்கிழம பொறந்த அபெனா, நானும் செவ்வாக்கிழம பொறந்த அபெனா. பேருக்கு உரியவ முன்னால நிக்கிறேன். அதுக்கு வைக்க வேண்டியத என் நாக்குல வைங்க."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வாய் கொஞ்சம் நீளந்தான். ஒங்கம்மா எப்படித்தான் வளத்தாங்களோ!"

"இதே மாதிரி சொட்டு வச்சுத்தான் வளத்தாங்க."

நானா சிரித்துவிட்டார். விரலைத் தண்ணீரில் நனைத்து டாக்டரின் நாவில் தொட்டார். "செர்வா, தண்ணின்னா தண்ணின்னு சொல்லு." மறுபடி, கூட வந்தவர்கள் வைத்திருந்த சாராயத்தில் நனைத்துத் தொட்டார். "சாராயம்னா சாராயம்னு சொல்லு." நாங்கள் எல்லோரும் நின்று கேட்டோம். பிறகு குழந்தை மேசைக்குப் போயிற்று. மூச்சுக்குழாயிலிருந்து உணவுக்குழாயைப் பிரித்தார், பாலூட்ட வயிற்றில் குழாய் வைத்தார், மலம் போக வயிற்றின் பக்கத்தில் வழி திறந்தார். அதன்பின் இன்னும் இரண்டு முறை மேசை ஏறி இறங்கிய அந்தச் சின்னச் செர்வா இன்று ஃபூஃபூக் களியைக் கறிக்குழம்பில் தோய்த்து விழுங்குகிறாள்.

இதற்கு இம்மருத்துவமனை அளித்த பரிசு என்ன? பணிநேரத்தில் மது அருந்திவிட்டு அறுவை செய்தார் என்ற குற்றச்சாட்டு!

விசாரணையில் மருத்துவமனை இயக்குநர் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். "சாராயம் வாயில பட்டுச்சா, இல்லையா?"

"பட்டுது, ஒரு சொட்டு. பேர் வைக்க."

"சொட்டோ, கொடமோ, சட்டம் ஒண்ணுதான். சரி, ஒங்க வயசுக்கு மரியாத குடுத்துக் கேக்கறேன். ரெண்டும் தண்ணிதான்னு சொல்லிடுங்க. இத்தோட முடிச்சுக்கலாம்."

"தண்ணியும் வச்சாங்க, சாராயமும் வச்சாங்க."

அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் துறைத்தலைவர் பதவி அபெனா செர்வாவுடையது. இயக்குநரே! நீங்களும் எட்டாம் நாளில் அதே சொட்டுகளை நாவில் வாங்கிப் பெயர் வைக்கப்பட்டவர்தானே? எந்த நாவால் அவரைப் பொய் சொல்லச் சொன்னீர்கள்? சாட்சி சொல்ல மாம்பொங்கிலிருந்து சபைக்குரிய முழுத்துணி போர்த்தி வந்த நானாவை வெயிலில் பெஞ்சில் உட்காரவைத்து, கூப்பிடாமலே திருப்பி அனுப்பினீர்களே, அது எந்த ஊர் மரியாதை? அந்தப் பழி இன்றுவரை நீக்கப்படவில்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் வாங்கி வந்திருக்கிறீர்கள்.

பெருமாட்டியே! தாங்கள் இதைப்பற்றி எங்களிடம் ஒருநாளும் முறையிட்டதில்லை. மறுநாளே அடுத்த குழந்தையின் வாயில் குழாயை இறக்கிக்கொண்டு நின்றீர்கள். மன்னிப்பது தங்கள் பெருந்தன்மை. மன்னிக்க மறுப்பது எங்கள் கடமை. மகளின் மானத்தை மகளே காத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் நாங்கள் என்ன குடும்பம்?

நோயின்றி, நரையிலும் நிமிர்வு குன்றாமல், நல்லுறக்கமும் நல்லுணவும் வாய்த்து, தாங்கள் பேர் கொடுத்தவளின் பிள்ளைகளுக்கும் பேர் வைக்கும் காலம்வரை வாழ்க!

இம்மடலின் அடியில் இயக்குநர் கையொப்பமிட இடம் விடும்படி நேற்று ஆள் அனுப்பினார்கள். விடவில்லை. பழியை நீக்கிய ஆணையோடு அவர் தங்கள் வீட்டு வாசலுக்கு வரட்டும். மடலின் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, கையொப்பத்துக்கு இடம் உண்டா என்று அப்போது பார்க்கிறோம்.

தங்களோடு மேசையருகே நின்றவர்கள் மட்டும்,
குழந்தைகள் அறுவைப் பிரிவுச் செவிலியர், மயக்கமருந்துப் பணியாளர், துப்புரவாளர்,
குமாசி