ஐந்தாம் மாடிக் கோடைக்கு விதி எழுதியவருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் முறை தவறாத முதன்மையே! வரைபட ஆவண அலுவலகத்தின் வாசலில் நின்றபடியே வருவோரின் வரிசையையும், வரிசையில் வருவோரின் சட்டைப் பொத்தான்களையும் ஒரே பார்வையில் எண்ணி முடிக்கும் வல்லமையே! கழுத்துப்பட்டைகளின் காவலரே! கசங்கிய சட்டைகளின் கலக்கமே! கண்காணிப்பாளர் என்ற சொல்லுக்குக் கண்ணாலேயே உரை எழுதிய அம்மையீர்! தங்களால் திட்டப்பட்டும், திருத்தப்பட்டும், தேற்றப்பட்டும் தங்கள் பணி ஓய்வு நாளான இன்று இந்த மூன்றாம் மாடிக் கூடத்தில் திரண்டிருக்கும் நாங்கள், திகைப்பு இன்னும் தீராத நெஞ்சோடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல் இது.

இம்மாதிரி மடல்களுக்கு அச்சகத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். அதில் முதல் வரியே ‘தென்றலே’ என்று இருந்தது. உங்களிடம் ஒரு முறையாவது டை முடிச்சைக் காட்டிவிட்டுப் போனவர் எவரும் அதைச் சிரிக்காமல் வாசிக்க முடியாது என்பதால், படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எழுதும் வேலையை எங்களில் ஒருவரான ஐந்தாம் மாடிக்காரியிடம் ஒப்படைத்தோம். அவரோ, ஊழியர் எல்லோரும் கையெழுத்திடும் மடலில் ‘நான்’ என்று ஒரு சொல்லும் வரக் கூடாது என்று சொல்லி, தன்னைப் பற்றியே யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவது போல எழுதியிருக்கிறார். ‘தாங்கள்’ என்பதும் தூரத்தில் நிற்கிறது என்று அவரே அதை எடுத்துவிட்டார். ஆகவே இனி நீங்கள் என்றே அழைக்கிறோம், பொறுத்தருள்க.

உங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பொத்தான் மேடம்’. உங்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் வைத்தோம். புதிதாகச் சேர்ந்த கணக்கர் ஒருவர் ஒருநாள் வாய் தவறி உங்களை அப்படியே கூப்பிட்டுவிட, அறையில் இருந்த அத்தனை பேரும் மேசைக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கினோம். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, “சொல்லுங்க” என்றீர்கள். அவ்வளவுதான். அந்தக் கணக்கர் இன்றுவரை கழுத்துப் பொத்தானைத் தைத்தே மூடி வைத்திருப்பதாகக் கேள்வி.

நம் அலுவலகத்தின் உடை விதிகள் அறுபத்து நான்கு. கறுப்பிலோ கருநீலத்திலோ கோட், முழுக்கைச் சட்டை, மூடிய கழுத்து, ஆண்களுக்கு டை, எல்லோருக்கும் மூடிய காலணி. அவற்றின் அடியில் இருக்கும் தேதியைப் பார்த்தால் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதம். எழுதியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். கோடை என்ற ஒன்று வரும் என்று அந்த மகானுக்கு யாரும் சொல்லவில்லை போலும். அந்த அறுபத்து நான்கையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் இந்தக் கட்டடத்தில் நீங்கள் ஒருவரே.

ஐந்தாம் மாடிக்கு மேல் வெறும் மொட்டை மாடி. பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்யும் பிரிவு ஐந்தாம் மாடியில்தான். ஜன்னலைத் திறந்தால் தூசி படிந்து வரைபடம் கெடும், மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும். நான்கு இயந்திரங்கள் நாள் முழுதும் சூடு கக்கும். குளிர்சாதனம் பழுதாகி, அதைச் சரிசெய்யக் கேட்ட மனு மேசை மேசையாகப் பயணம் போய்க்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஆறு பேரில் ஒருத்திதான் ஐந்தாம் மாடிக்காரி. தற்காலிகப் பணியாளர். கணவர் ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். மகள் ஆறாம் வகுப்பு. மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது. அந்த வீட்டில் காலையில் கதவைத் திறந்துகொண்டு வேலைக்குப் போனவள் அவள் ஒருத்தியே.

அந்த ஆறு பேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றிச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிவிடுவார்கள். நீங்கள் எப்போதும் படியேறித்தான் வருவீர்கள். உங்கள் காலணியின் சத்தம் மூன்றாம் மாடியிலேயே கேட்டுவிடும். நான்காம் மாடித் திருப்பத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொள்வீர்கள். நீங்கள் கதவைத் தொடும்போது ஆறு பேரும் பொத்தான் மாட்டி, ஒன்றும் அறியாத பிள்ளைகள் போல் உட்கார்ந்திருப்பார்கள். பல ஆண்டுகள் இப்படி உங்களை ஏமாற்றி வந்ததாக அவர்களுக்கு உள்ளூரப் பெருமை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், பதவியேற்று இரண்டே வாரமான இயக்குநர் லிஃப்டில் வந்து இறங்கினார். லிஃப்டுக்குக் காலணிச் சத்தம் கிடையாது. கதவு திறந்த கணத்தில் ஆறு பேரும் ஆணிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். நால்வர் தப்பித்தார்கள். ஐந்தாம் மாடிக்காரியின் கையில் சிக்கியது, ஆறடி உயர வரைவாளரின் கோட். அவர் கையில் இவளுடையது. இவளுக்குக் கோட் முழங்காலைத் தொட்டது, கைகள் உள்ளேயே தொலைந்து போயின. அவருக்குக் கை முழங்கையோடு நின்றது, பொத்தானும் பொத்தான் துளையும் ஒரு சாண் தள்ளி நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ பின்னால் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். தன்னைக் கேலி செய்வதற்காகவே இந்த வேஷம் என்று இயக்குநர் நினைத்துவிட்டார். வரைவாளர் நிரந்தரப் பணியாளர் என்பதால் அவருக்கு எச்சரிக்கை. இவள் தற்காலிகம் என்பதால், மூன்று நாளில் கண்காணிப்பாளரின் அறிக்கை வந்ததும் வேலை நீக்கம் என்று உத்தரவாயிற்று.

அறிக்கை எழுத வேண்டியவர் பொத்தான் மேடம் என்றதும் எல்லோரும் அவளைத் துக்கம் விசாரிப்பது போல் பார்த்தார்கள். வீட்டில் கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மாமியார் மட்டும் மருமகளின் குரலை வைத்தே கண்டுபிடித்து, என்ன ஏதென்று கேட்காமல், சாப்பிட்டுவிட்டுப் படு என்று தட்டை நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை உங்கள் அறையில் அவள் நின்றாள். கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாள். நீங்கள் திட்டவில்லை. அங்கே மதியத்தில் எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டீர்கள். அவளுக்குத் தெரியவில்லை.

“எவ்ளோ சூடுன்னு கூடத் தெரியாமலா இத்தனை நாள் அதுல வெந்தே?” என்றீர்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே நீங்கள் ஒரு சுவர் வெப்பமானியோடும் நாற்காலியோடும் ஐந்தாம் மாடிக்கு வந்தீர்கள். முழுக் கோட், மூடிய கழுத்து. அன்று மாலை வரை அசையவில்லை. அரைமணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தீர்கள். பத்து மணிக்கு முப்பத்தெட்டு, மதியம் இரண்டரைக்கு நாற்பத்து மூன்று. மறுநாளும் வந்தீர்கள். மூன்றாம் நாளும் வந்தீர்கள். அன்று முற்பகல் தண்ணீர் குடிக்க நீங்கள் எழுந்தபோது, ஐந்தாம் மாடிக்காரி உங்கள் கோட்டின் முதுகைப் பார்த்தாள். கறுப்புத் துணியில் வியர்வை காய்ந்து, உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. ஆயிரம் வரைபடங்களை ஸ்கேன் செய்தவள் அவள். அந்த ஒன்றை மட்டும் அவளால் கண்ணெடுத்துப் பார்க்க முடியவில்லை. உங்களைக் கல் என்று நினைத்திருந்தோம். கல்லுக்கு வியர்க்காது என்பது அன்றுதான் எங்கள் மரமண்டைக்கு ஏறியது.

விதி ஐம்பத்தெட்டை நாங்கள் யாரும் அதுவரை படித்ததில்லை. உடை மீறல் குறித்த விசாரணையை, மீறல் நடந்த இடத்திலேயே, எல்லோரும் முழு அலுவலக உடையில் இருக்க, விதிகள் அனைத்தையும் உரக்க வாசித்த பின்பே நடத்த வேண்டுமாம். அதன்படி மூன்றாம் நாள் மதியம் இரண்டரை மணிக்கு இயக்குநரை ஐந்தாம் மாடிக்கு அழைத்தீர்கள். விதியென்றால் விதி என்று அவரும் வந்தார். நீங்கள் நின்றபடி வாசிக்கத் தொடங்கினீர்கள். அவசரமே இல்லை. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் உரிய மரியாதை கொடுத்து வாசித்தீர்கள்.

விதி இருபத்து மூன்றில் இயக்குநரின் விரல் கழுத்துப் பொத்தானுக்குப் போயிற்று. நீங்கள் நிறுத்திவிட்டு, கழுத்தை மூடச் சொல்லும் ஒன்பதாம் விதியை மட்டும் பணிவாக ஒருமுறை திரும்ப வாசித்தீர்கள். விரல் இறங்கியது. முப்பத்தாறில் அவர் முகம் தக்காளி நிறமாயிற்று. நாற்பத்தொன்றில் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, டையையும் தளர்த்திவிட்டார். ஐந்தாம் மாடிக்காரி தன் வேலையை, மகளின் பள்ளிக்கூடத்தை, மாவுக்கட்டுக் காலை எல்லாம் மறந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் விதிப் புத்தகத்தை மூடி, மீறல் பதிவேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினீர்கள்.

“இதுல உங்க பேரையும் எழுதட்டுமா சார், இல்ல விதியை மாத்தி எழுதட்டுமா?”

அதில் நக்கல் இல்லை, மிரட்டல் இல்லை. எந்த மை வேண்டும் என்று கேட்பது போலக் கேட்டீர்கள். இயக்குநர் கெட்டவர் அல்லர். வெப்பமானியைப் பார்த்தார், நீங்கள் குறித்த மூன்று நாள் தாளைப் பார்த்தார், பிறகு உங்கள் மூடிய கழுத்தைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, எழுதுங்கள் என்றார். வேலை நீக்கம் நின்றது. கோடை நான்கு மாதங்களுக்குக் கோட்டும் டையும் வேண்டாம், அரைக்கை போதும் என்று விதி திருத்தப்பட்டது. ஆனால் தலைமையகம் ஓராண்டுக்குத்தான் சம்மதித்தது. ஒழுங்கு கெடவில்லை என்று கண்காணிப்பாளர் ஆண்டுதோறும் அறிக்கை தந்தால்தான் அடுத்த ஆண்டுக்கு நீட்டிப்பு.

அடுத்த வாரமே அலுவலகம் அரைக்கையில் மலர்ந்தது. நீங்கள் மட்டும் கோட்டில் வந்தீர்கள். பழக்கதோஷம் என்றோம். வீம்பு என்றோம். குளிர் ரத்தம் என்று கூட ஒருவர் சொன்னார், அவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார், இப்போது தரையைப் பார்க்கிறார். இரண்டாம் கோடையில் ஐந்தாம் மாடிக்காரி மனம் பொறுக்காமல் உங்களிடமே கேட்டுவிட்டாள்.

“நானும் கழட்டிட்டா, தன் சௌகரியத்துக்குக் கேட்டு வாங்கினதா ஆயிடும்மா. அப்புறம் என் அறிக்கையை யாரு நம்புவாங்க?” என்றீர்கள். சொல்லிவிட்டு, லிஃப்டைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனீர்கள். அந்தக் காலணிச் சத்தம் மேலே ஏறுவதைக் கீழே நின்று கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. லிஃப்ட் இருக்க, மூட்டு வலியோடு ஐந்து மாடி ஏறியவர் யாருக்காக ஏறினார்? நான்காம் மாடித் திருப்பத்தில் செருமியது எதற்காக? ஏமாற்றியது நாங்கள் என்று எண்ணியிருந்தோமே, எங்கள் அறிவை என்னவென்று சொல்வது!

எட்டுக் கோடைகள். எட்டு அறிக்கைகள். பெரியவர்களைப் பற்றிப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம், அவர் கோட்டைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறோம் என்பதை நினைத்தால் எங்களுக்கு வெட்கமாகவும் இருக்கிறது, மெய் சிலிர்க்கவும் செய்கிறது. ஐந்தாம் மாடிக்காரி இன்று அதே பிரிவின் பொறுப்பாளர். அங்கே குளிர்சாதனம் ஓடுகிறது. அவர் கணவர் நடக்கிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாள்.

போன வாரம் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. கோடை உடை இனி நிரந்தர விதி. ஆண்டு அறிக்கை தேவையில்லை. கடிதத்தை நீங்கள் படித்துவிட்டு, கோப்பில் சேர்த்துவிட்டு, வழக்கம்போல் அடுத்த தாளை எடுத்தீர்கள். இதோ இன்று, இந்தக் கூடத்தில் நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் அரைக்கைச் சட்டையில் அமர்ந்திருக்க, முன் வரிசையில் நீங்கள் ஒருவர் மட்டும் கழுத்து வரை மூடி அமர்ந்திருக்கிறீர்கள்.

அம்மையீர்! நலமும் வளமும் நெடுநாள் உங்கள் வீட்டில் குடியிருக்கட்டும். மூட்டு வலி முகவரி தெரியாமல் தொலையட்டும். நூறாண்டு வாழுங்கள், அதில் ஒரு கோடையும் உங்களைச் சுடாதிருக்கட்டும். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. பணி முடிந்தது, அறிக்கையும் முடிந்தது. உங்களை நம்பாதவர் என்று இனி ஒருவரும் பாக்கியில்லை. எங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எழுந்து நில்லுங்கள். மடலை வாசித்து முடித்ததும் ஐந்தாம் மாடிக்காரி உங்கள் பின்னால் வந்து நிற்பார். கைகளை மட்டும் கொஞ்சம் பின்னால் தளர விடுங்கள், மேடம். கோட்டை அவர் வாங்கிக்கொள்வார்.

நீங்கள் வேர்த்ததால் குளிர்ந்திருக்கும்,
வரைபட ஆவண அலுவலக ஊழியர் அனைவரும்