வாத்துக் கழுத்து இரண்டு

அன்று காலை விளையாட்டுச் சாமான் அறைப் பக்கம் இருந்தவர்கள்: மகளிர் கல்லூரி வாலிபால் கோச் பிரைட்டனாகிய நான். அணிக் கேப்டன் ஜெனிலா. பதினோரு மணிக்கு மேல், மாலைப் பயிற்சி கொடுக்கும் ஞானபாய் டீச்சர். வேறு யாருமில்லை. பந்துகள் பதினான்கு, இரண்டில் காற்றில்லை.

நான் கோபக்காரன் இல்லை. உடற்கல்விப் படிப்பைப் பாதியில் விட்டவன். ராத்திரி துறைமுகத்தில் கன்டெய்னர் சீல் சரிபார்த்துவிட்டு விடிந்ததும் மைதானத்துக்கு வருகிறவனுக்குக் கோபப்படத் தெம்பு இருக்காது.

அதற்கு முந்தின வாரம் ஆய்வு என்று ஒரு படிவம் வந்தது. ஆண் கோச்சிடம் எவ்வளவு திருப்தி, பெண் கோச்சிடம் எவ்வளவு திருப்தி. வீராங்கனைகள் ஐந்துக்கு மார்க் போட வேண்டும். டீச்சருக்குப் பன்னிரண்டு பேரும் ஐந்து. எனக்குப் பதினொரு பேர் ஐந்து. அவர்கள் எழுதும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒருத்தி மட்டும், வீராங்கனைகளின் கருத்தைக் கோச் கேட்கிறாரா என்ற கேள்விக்கு இரண்டு போட்டிருந்தாள். பெயர் எழுதத் தேவையில்லைதான். ஆனால் ஜெனிலாவின் இரண்டுக்கு வாத்துக் கழுத்து இருக்கும்.

நியாயமான குறை. எனவே அவள் கருத்தைக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

அன்று பதினோரு மணிக்கு அவளுக்கு மதுரையில் ரயில்வே வேலைக்கான ஆட்டத் தேர்வு. ஏழு மணி பஸ்ஸை விட்டால் போச்சு. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். அதை மனதில் வைத்துத்தான் ஆறரைக்கே ஆரம்பித்தேன். ஷூ எடுக்கச் சாமான் அறைக்குள் போனாள். பையும் போனும் வெளியே என் காலடியில் இருந்தன. பூட்டிவிட்டு, கதவுக்கு அடியில் புதுப் படிவத்தையும் பென்சிலையும் தள்ளினேன்.

இரண்டு நிமிடத்தில் படிவம் திரும்பி வந்தது.

"சார், அஞ்சு போட்டுட்டேன். தொறங்க, பஸ் போயிரும்."

கட்டாயத்தில் போட்ட மார்க் எனக்கு வேண்டாம். இன்னொன்று தள்ளினேன். "மனசுல உள்ளதப் போடுளா."

பூஜ்யம் வந்தது. அது கோபத்தில் போட்டது, செல்லாது. அடுத்ததில் ஐந்து போட்டு, பக்கத்தில் 'சத்தியமா' என்று எழுதியிருந்தாள். சத்தியம் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை.

பஸ் போனது. மேலே தகரக் கூரை, சித்திரை வெயில். தண்ணீர் கேட்டாள். கதவைத் திறக்காமல் தண்ணீர் கொடுக்க வழியில்லை. தின்ன வைத்திருந்த முந்திரி மக்ரூன் ஒன்றை நசுக்கி உள்ளே தள்ளினேன், எடுக்கவில்லை. ஒன்பது மணிக்குத் தட்டுவது நின்றது. ஆழ்ந்து யோசிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தொந்தரவு செய்யவில்லை.

பதினொன்றரைக்கு டீச்சர் ஸ்கூட்டியில் வந்தார். பிள்ளை வரவில்லை என்று மதுரையிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

"ஏலே பிரைட்டன், புள்ள எங்கல?"

உள்ளே கருத்து எழுதுகிறாள் என்றேன். திறக்கச் சொன்னார், உடனே திறந்தேன். ஜெனிலா பாய் மேல் கிடந்தாள், பென்சில் கையிலேயே இருந்தது. டீச்சர் ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"போன் வண்டியில கெடக்கு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுல. நீயெல்லாம் ஒரு மனுசனால?"

யாரும் கட்டாயப்படுத்தாமல் மனதிலிருந்து வந்த கருத்து. அந்தக் காலையில் எனக்குக் கிடைத்த முதல் கருத்து. ஆனால் கோச்சுகளிடம் யாரும் படிவம் கொடுத்திருக்கவில்லை. வாயால் சொன்னது ஆய்வில் சேராது. ஒரு படிவத்தை டீச்சர் பக்கத்தில் வைத்தேன். நிதானமாக யோசித்து எழுதட்டும் என்று வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன்.